கைத்தொலைபேசியும் வளர்ந்தோர் கல்வியும்

கல்வி இளமைக்கே உரியது என்னும் எண்ணம் நம்மவரிடையே இன்னும் நீங்கவில்லை. ஆயினும், வளர்ந்தோர் கற்றலுக்கு மட்டக்களப்பு நாட்டிலே பழைய மரபொன்று உண்டு. கூத்துக் களரியை நோக்குக. பகலெல்லாம் வயலில் நின்ற உழவர் இரவிலே களரிக்கு வந்து, அண்ணாவியார் பாடத் தாமும் பாடி, ஆடித் திருத்தம் பெற்று, விடியும்வரை நிகழும் கூத்தொன்றின் பாட்டுக்களை மனத்திருத்துவர். ஏடு வாசிக்க அறியாதாரும் இவ்வாறே கற்றனர். செவியாற் கேட்டல், மீண்டும் மீண்டும் கேட்டல், செய்துபார்த்தல், கூட்டத்தினிடையே பிழை திருத்தப்பெறல் என்பனவே வளர்ந்தோர் கல்வியின் இயல்பு எனக் கருதுகின்றோம். இவற்றுள் கைத்தொலைபேசி எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தில் 2008ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த முயற்சி இதற்குத் தக்க சான்றாகும். பொதுநலவாயக் கற்றல் அமைப்பின் துணையுடன், 'விடியல்' என்னும் தொண்டு நிறுவனம் அங்கு மகளிர் சுயஉதவிக் குழுக்களிடையே பணியாற்றியது. ஆடு வளர்க்க வங்கிக் கடன் பெற்ற பெண்கள், கைத்தொலைபேசியின் விலையையும் அக்கடனிலேயே சேர்த்துப் பெற்றனர். தீவனம், நோய், கொட்டில் முதலியன பற்றிய சிறு குரற்செய்திகள் அவர்களுக்கு அனுப்பப்பட்டன. ஆடு மேய்த்துக்கொண்டே அவர்கள் பாடங்கேட்டனர். எழுத்தை நாடாது குரலை நாடியமையே இம்முயற்சியின் சிறப்பென்போம். தனித்துக் கேட்டதைப் பின்னர்க் குழுவாகக் கூடிப் பேசியமையும் அதற்கு நிகரான சிறப்பே.

வளர்ந்தோருக்குப் பெருந்தடை நாணமாகும். நாற்பது வயதினர் ஒருவர், "விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று தம் மகன் வயதுடைய ஆசிரியரிடம் கேட்கக் கூசுவர். கருவியிடம் அக்கூச்சமில்லை. சட்டை வெட்டுமுறையை யூடியூபிற் பார்க்கும் தாயொருவர் ஒரே இடத்தைப் பத்துமுறை ஓட்டிப்பார்க்கலாம். தட்டச்சு அறியாதவரும் வாட்ஸ்அப்பிலே குரலாற் கேள்வி விடுக்கலாம். ஆனால், தவறாக விளங்கிக்கொண்டாரெனின், அதனைக் கருவி கண்டுகொள்ளாது. காலை வணக்கப் படங்களாலும் வதந்திகளாலும் நிறைந்த வாட்ஸ்அப் குழுக்களைக் கல்வி எனக் கொள்ளுதலும் பொருந்தாது. (அவ்வணக்கப் படங்களை அனுப்புவோருள் ஆசிரியர்களும் உளர்!)

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம். 2009இல் யுத்தம் முடிவுற்றபின், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நுண்கடன் பரவியது. தேனியிலே கடனும் கல்வியும் சேர்ந்து வந்தன. இங்கோ கடன் முந்திக்கொண்டது. கிழமைதோறும் தவணை கட்ட இயலாது, ஒரு கடனை அடைக்க மறுகடன் பெற்ற பெண்கள் பலர். 2018இல், வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வரவேண்டிய அளவுக்கு நிலை முற்றியது.

எனவே, கைத்தொலைபேசிவழி முதற்பாடம் வட்டிக் கணக்காதல் வேண்டும் என்பது எம் கருத்து. 50,000 ரூபா கடன், ஓராண்டுத் தவணை, நூற்றுக்கு 24 நிலைவட்டி எனக் கொள்வோம். வட்டி 12,000, செலுத்துவது 62,000, மாதந்தோறும் ஏறத்தாழ 5,167 ரூபா. ஆறு மாதத்திற் பாதி முதல் திரும்பிவிடும். அப்பாலும் வட்டி முழு 50,000க்கே அறவிடப்படும். மீதி முதலுக்கே வட்டி கணித்தால், இக்கடனின் உண்மை வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு நாற்பதைத் தாண்டும். கடன்பெறுவோர் கையொப்பமிடுமுன், "வட்டி முழு முதலுக்கோ, மீதி முதலுக்கோ?" எனக் கேட்கப் பழகுதல் வேண்டும்.

இப்பாடத்தை ஒரு நிமிடத்துள் அடங்க, மட்டக்களப்புப் பேச்சிலேயே, பதிவுசெய்தல் எளிது. பழைய மாணவருள் வங்கியிலும் கணக்காய்விலும் பணிபுரிவோர் அதற்குக் குரல் தரலாம். மாணவர் அதனைத் தத்தம் ஊர்களுக்குக் கொண்டுசெல்லலாம். கேட்டோர் கிழமைக்கொருமுறை கோயில் மண்டபத்திலோ மாதர் சங்கத்திலோ கூடி, தத்தம் கடன் புத்தகத்தை விரித்து, அதே தொலைபேசியிலுள்ள கணிப்பானாற் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். பிழை திருத்த, அண்ணாவியாரைப்போல, அங்கு ஒருவர் இருத்தல் வேண்டும்.