முதல் சைக்கிளும் அதன் சீற்றும்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மாளிகாவத்தைத் தொடர்மாடிகளுக்குப் புதிதாகக் குடிவரும் குடும்பங்கள் பல, தொழில் தொடங்குவதற்கெனக் கையில் கிடைக்கும் பணத்தில் முதலில் நினைப்பது ஒரு சைக்கிளைத்தான். அதில் பிழை இல்லை. புறக்கோட்டைச் சந்தைக்கு விடியப்புறம் நாலு மணிக்குப் போய்ச் சேர வேண்டிய ஒருவர் ஒவ்வொரு நாளும் ஓட்டோவுக்குக் கொடுத்துக் கட்டாது. பாண், மீன், பத்திரிகை என்று வீடு வீடாகக் கொண்டு போகிறவருக்குச் சைக்கிளே கடை. 2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற கொழும்பில், சைக்கிள் வைத்திருந்தவர் வேலைக்குப் போய் வந்தார் என்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

ஆனால் அந்தப் பணம் ஒரு தடவைதான் கிடைக்கும். அதில் வாங்கிய சைக்கிள் மூன்று மாதத்தில் படிக்கட்டின் கீழ் துருப்பிடித்து நின்றால், பணமும் போய் வேலைக்குப் போகும் வழியும் போய்விடும். அப்படி நின்றுபோன சைக்கிள்களின் சொந்தக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். ஒன்று, “அதில் இருக்க முடியவில்லை, நோகிறது.” மற்றது, “திருத்தக் கொடுத்தேன், சாமான் இல்லையாம்.” இந்தப் பாடம் அந்த இரண்டையும் பற்றியது.

சீற்றிலிருந்து தொடங்குவோம். கடையில் எல்லோரும் செய்வது பெருவிரலால் சீற்றை அமுக்கிப் பார்ப்பது. மெத்தென்று உள்ளே போனால் நல்ல சீற் என்று நினைக்கிறோம். பெருவிரல் சீற்றில் இருக்கப் போவதில்லை. நீங்கள் இருக்கும்போது உங்கள் உடம்பின் பாரத்தைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகள். கையைக் கீழே வைத்து, கடினமான வாங்கில் இருந்து பார்த்தால் அவை கையில் தட்டுப்படும். அளவுக்கு மிஞ்சி மெதுவான சீற்றில் இந்த இரண்டு முனைகளும் பஞ்சுக்குள் புதைந்து போகும்; நடுவில் உள்ள பஞ்சு மேலெழும்பி, நரம்பும் இரத்தக் குழாயும் போகும் மென்மையான இடத்தை அழுத்தும். அதனால்தான் வாங்கிய அன்று சுகமாக இருந்த சீற், ஒரு மணி நேரம் ஓடினால் விறைப்பை உண்டாக்குகிறது. ஆண்கள் இதை வெட்கத்தால் சொல்வதில்லை, பெண்களும் சொல்வதில்லை. சொல்லுங்கள். விறைப்பு என்பது பழகிப் போக வேண்டிய ஒன்றல்ல; சீற் பிழையாக இருக்கிறது அல்லது பிழையாகப் பூட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். முனையெலும்புகளில் வரும் சாதாரண நோவு வேறு. சைக்கிள் ஓடிப் பழகாதவருக்கு அது முதல் ஒன்றிரண்டு கிழமை இருக்கும், பிறகு குறையும்.

ஆகவே மெத்தையை விட அகலமே முக்கியம். அதை வீட்டிலேயே அளக்கலாம். சாமான் பெட்டியின் வரிவரியான கடதாசி மட்டை ஒன்றை வெட்டி, வாங்கிலோ சீமெந்துப் படியிலோ வைத்து, மெல்லிய உடுப்போடு அதன் மேல் நன்றாகப் பாரம் போட்டு ஒரு நிமிடம் இருங்கள். எழும்பிப் பார்த்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை அடிமட்டத்தால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சீற்றின் பின்பக்கம் அதைவிட ஆகக் குறைந்தது இரண்டு சென்ரிமீற்றராவது அகலமாக இருக்க வேண்டும். நிமிர்ந்து இருந்து ஓடும் சைக்கிள் என்றால் இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும், ஏனென்றால் அதில் உடம்பின் பாரம் முழுவதும் பின்னுக்கே விழுகிறது. பெண்களுக்குப் பொதுவாக இந்த எலும்புகள் சற்று விலகி இருக்கும். எனவே ஆணுக்கு வாங்கிய சைக்கிளை மனைவியோ மகளோ ஓடும்போது நோகிறது என்றால், “பழக்கமில்லை” என்று தள்ளிவிடாமல் சீற்றை மாற்றிக் கொடுங்கள். முழுச் சைக்கிளையும் மாற்றத் தேவையில்லை, சீற் தனியாக விற்கப்படும் பொருள்.

வயதானவர்கள் சிலர் பழைய தோல் சீற்றைப் பற்றிச் சொல்வார்கள். அது வெறும் ஏக்கம் இல்லை. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் 1866இல் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனம் 1882இல் சீற் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றது. தடித்த தோலை இரும்புச் சட்டத்தின் இரண்டு முனைகளுக்கிடையே இழுத்துக் கட்டும் அந்தவகைச் சீற்றில் பஞ்சே இல்லை. ஓட ஓட, இருப்பவரின் எலும்புக்கேற்பத் தோல் பதிந்துகொள்ளும். யாழ்ப்பாணத்தில் 1990களில் பெற்றோல் இல்லாத ஆண்டுகளில் விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளில்தான் போயினர். அப்போது ஓடிய பழைய வண்டிகள் பலவற்றில் இருந்தது இறுகிய சீற்றுத்தான். இன்று தோல் சீற் விலை கூடியது, மழையில் நனைந்தால் கெட்டுவிடும், கொழும்புக்கு நாம் அதைச் சொல்ல மாட்டோம். கீழே இரண்டு சுருள் கம்பி வைத்த, ஓரளவு இறுக்கமான, அகலமான றெக்சின் சீற் போதும்.

நல்ல சீற்றும் பிழையான உயரத்தில் இருந்தால் நோகும். சைக்கிளில் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெடலை ஆகக் கீழே கொண்டு வாருங்கள். குதிக்காலை அந்தப் பெடலில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடிந்திருந்தால் சீற் பதிவு, இடுப்புச் சரிந்தால் சீற் உயரம். ஓடும்போது முன்பாதத்தால்தான் மிதிக்கிறோம், அப்போது முழங்கால் தானாகவே சற்று மடியும். மாளிகாவத்தையில் நாம் காணும் பெரும்பாலான சைக்கிள்களில் சீற் நாலு விரற்கடை பதிவாக இருக்கிறது. இரண்டு காலும் நிலத்தில் ஊன்ற வேண்டும் என்ற பயம்தான் காரணம். மருதானைச் சந்தியில் பஸ்களுக்கு நடுவே நிற்கும்போது அந்தப் பயம் நியாயமானதே. எனவே முதல் கிழமை இரண்டு சென்ரிமீற்றர் பதித்தே ஓடுங்கள். நிற்கும்போது சீற்றிலிருந்து முன்னுக்கு இறங்கி நிற்கப் பழகுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். எப்போதும் பதிவாகவே வைத்து ஓடினால் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடுகிறவரின் முழங்கால் சீக்கிரமே நோகத் தொடங்கும்.

சீற்றைத் தாங்கும் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்குத் தண்டை உயர்த்தக் கூடாது, உடைந்துவிடும். அவ்வளவு உயர்த்த வேண்டியிருந்தால் சைக்கிளே உங்களுக்குச் சிறியது. சீற்றின் மேற்பரப்பு நிலத்துக்கு மட்டமாக இருக்கட்டும். மூக்கு மேலே தூக்கினால் விறைக்கும், கீழே சரிந்தால் முன்னுக்கு வழுக்கி உள்ளங்கை நோகும். இவை எல்லாம் ஒரு ஸ்பனரால் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியவை. கடைக்காரரிடம் கேட்டு, காசு கொடுக்கும் முன்னரே செய்விக்க வேண்டும். தடித்த தையல் உள்ள ஜீன்ஸும் நோவுக்கு ஒரு காரணம், இதைப் பலர் கவனிப்பதில்லை.

இனி, எந்தச் சைக்கிள்? பிள்ளைகள் கேட்பது தடித்த ரயரும் முன்னும் பின்னும் ஸ்பிரிங்கும் பதினெட்டுக் கியரும் உள்ளதை. விலை குறைந்த சைக்கிளில் அந்த ஸ்பிரிங்குகள் பாரத்தைக் கூட்டும், நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை விழுங்கும், பழுதானால் திருத்தவும் முடியாது. கொழும்பு பெரும்பாலும் சமதரை. மாளிகாவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கோ வெள்ளவத்தைக்கோ போக உங்களுக்கு இருக்கும் பெரிய ஏற்றம் ஒரு பாலம்தான். கியர் இல்லாத, மட்காட்டும் கரியரும் செயின் மூடியும் உள்ள சாதாரண சைக்கிளே முதல் சைக்கிளாக நல்லது. சேலை அல்லது அபாயா உடுத்து ஓடுபவர்களுக்குச் செயின் முழுவதையும் மூடும் மூடியும் பின்சில்லை மறைக்கும் வலையும் அவசியம். துணி சில்லில் சுற்றினால் விழுவது வீதியின் நடுவில். லுமாலா போன்ற உள்நாட்டுப் பெயர்களின் சாதாரண சைக்கிள்களுக்கும் இந்தியச் சைக்கிள்களுக்கும் எந்தத் திருத்தும் கடையிலும் சாமான் கிடைக்கும். பெயர் தெரியாத இறக்குமதிச் சைக்கிளை வாங்குமுன் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் திருத்துபவரிடம், “இதற்கு நீங்கள் சாமான் வைத்திருக்கிறீர்களா?” என்று ஒரு தடவை கேளுங்கள். அவர் தலையை ஆட்டும் விதத்திலேயே பதில் தெரியும்.

ரயர் அளவில் ஒரு பொறி இருக்கிறது. ரயரின் பக்கத்தில் 26 என்று இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். 26 x 1 3/8 என்பது சாதாரண சைக்கிளின் றிம்முக்கு உரியது. 26 x 1.95 என்பது தடித்த ரயர்ச் சைக்கிளுக்கு உரியது. முதலாவதன் றிம் விட்டம் 590 மில்லிமீற்றர், மற்றது 559. ஒன்று மற்றதற்குப் பொருந்தவே பொருந்தாது. பெரிய பார் சைக்கிள்களில் வருவது 28 x 1 1/2. உங்கள் ரயரில் உள்ள எண்ணை முழுவதாக எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

புதியது வாங்கப் பணம் போதாவிட்டால், மலிவான புதியதை விட நல்ல பழையது மேல் என்பது எமது எண்ணம். புதிய சைக்கிளைப் பார்க்கவும் விலை கேட்கவும் கொழும்பு 12இல் உள்ள டாம் வீதிக்கு நடந்தே போய் வரலாம். அங்கு விலை தெரிந்துகொண்ட பிறகு பழையதைத் தேடுங்கள். பழையதைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். ஹாண்டிலுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு குழாய்கள் சேரும் இடத்தின் அடியில் பெயின்ற் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் அது எங்கோ மோதிய சைக்கிள், விட்டுவிடுங்கள். சில்லைத் தூக்கிச் சுற்றி, பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது கூடிக் குறைந்தால் சில்லு கோணல். கொஞ்சக் கோணலைக் கம்பிகளை முறுக்கி எடுக்கலாம், றிம் நெளிந்திருந்தால் எடுக்க முடியாது. பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. முன் பிறேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளினால் ஹாண்டில் பக்கம் “டக் டக்” என்று அடிக்கக் கூடாது. செயினை அடிமட்டத்தால் அளக்கலாம். புதுச் செயினில் ஓர் ஊசியின் நடுவில் அடிமட்டத்தின் பூச்சியத்தை வைத்தால் சரியாக 12 அங்குலத்தில் இன்னோர் ஊசி வரும். அந்த ஊசி ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயின் முடிந்துவிட்டது, அதற்கான காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நின்ற சைக்கிள்களும் விற்பனைக்கு வரும். சில்லு சுற்றும்போது மணல் அரைவதுபோல் சத்தம் கேட்டால் உள்ளே உள்ள குண்டுகள் துருவேறியிருக்கின்றன.

கடைசியாக ஒன்று, இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பெடல் தண்டு பொருந்தும் இடத்தின் அடியிலோ சீற் தண்டின் கீழோ இரும்பில் ஓர் இலக்கம் அடித்திருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். களவுச் சைக்கிளோடு பிடிபட்டால், ஊருக்குப் புதியவர், மொழி தெரியாதவர் என்ற நிலையில் விளக்கம் சொல்வது உங்களுக்குத்தான் கஷ்டம். விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சைக்கிள் இலக்கம், திகதி, விலை ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பற்றுச்சீட்டு சிங்களத்தில் இருந்தால் கையெழுத்துப் போடுமுன் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கச் செய்யுங்கள். பற்றுச்சீட்டையும் சைக்கிளின் படம் ஒன்றையும் போனில் வைத்திருங்கள்.

தொடர்மாடியில் எங்கே வைப்பது என்பதையும் வாங்குமுன்னரே யோசியுங்கள். பார் சைக்கிள் ஒன்று இருபது கிலோ வரை வரும், மூன்றாம் மாடிக்குத் தினமும் தூக்க முடியாது. கீழே வைப்பதானால் அசையாத இரும்புக் குழாயோடு சேர்த்து, பின்சில்லும் சட்டமும் ஒன்றாக அகப்படப் பூட்டுங்கள். சீற் கையால் திருகிக் கழற்றும் வகையென்றால் முதல் நாளே அந்தத் திருகியை மாற்றி நட் போடுங்கள், சீற் மட்டும் களவு போவது சாதாரணம். வெள்ளவத்தை மரைன் டிறைவ் பக்கம் தினம் ஓடுபவர்கள் உப்புக் காற்றுக்காகச் செயினைக் கிழமைக்கு ஒரு தடவை துடைத்து எண்ணெய் இட வேண்டும். புதுச் சைக்கிளில் முதல் இரண்டு கிழமையில் நட்டுகளும் கம்பிகளும் தளரும். அப்போது ஒரு தடவை திருத்துபவரிடம் கொண்டு போய் எல்லாவற்றையும் இறுக்குவியுங்கள், சீற்றின் நட்டையும் சேர்த்து.