ஓட்டம் இனிக்க வேண்டுமானால்

பொழுதுபோக்காக ஓடத் தொடங்கியவர்கள் சில வாரங்களில் நிறுத்திவிடுவதற்குப் பெரும்பாலும் வேகமே காரணம். பள்ளி விளையாட்டு விழாவில் ஓடிய நூறு மீட்டர்தான் பலருக்கும் தெரிந்த ஓட்டம். அதே நினைப்பில் முதல் நாள் கிளம்பினால் இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டும். மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அந்த அவதிக்காக யாரும் விடியற்காலையில் எழ மாட்டார்கள். ஆகவே, வேகத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை.

சரியான வேகத்தை அறியக் கருவி வேண்டாம். கூட வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அது போதுமான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் 1960களின் தொடக்கத்தில், இதய நோயிலிருந்து மீண்டவர்களைக்கூட இப்படித்தான் மெதுவாக ஓடவைத்தார். அங்கே சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பௌவர்மன், எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு ஈடுகொடுத்து ஓட முடியாமல் திணறினார். ஊர் திரும்பியதும் ஓரிகனில் அதே மெல்லோட்டத்தைப் பரப்பினார். பின்னாளில் நைக்கி ஆன நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் அவரும் ஒருவர்.

அடுத்து, ஓட்டத்தோடு நடையைக் கலக்க வேண்டும். ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டு முறை செய்தால் தொடக்கத்துக்குப் போதும். வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. உடல் பழகப் பழக ஓடும் நேரத்தைக் கூட்டி, நடையைக் குறைக்கலாம். நடுவில் நடப்பது தோல்வி என்ற கூச்சம் தேவையே இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, மாரத்தான் ஓடுபவர்களுக்கே இந்த முறையைத்தான் கற்றுக்கொடுத்தார்.

இடமும் நேரமும் பாதி உற்சாகத்தைத் தரும். சென்னையில் மெரினா, கோவையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதை போன்ற இடங்களில் விடியலில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். அதுவே ஒரு துணை. கோடையில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தால் வியர்வை எளிதில் உலராது, உடல் சூடு தணியாது. அதனால் அங்கே வேகம் குறைவது இயல்பு. குளிர்நாட்டு ஓட்டக்காரர்களின் கணக்கோடு அதை ஒப்பிட்டு மனம் தளரக் கூடாது.

ஒரு மாதம் கடந்ததும் வாரத்தில் ஒரு நாளை விளையாட்டாக்கலாம். அடுத்த விளக்குக் கம்பம் வரை வேகமாக, பிறகு டீக்கடை வரை மெதுவாக, மூச்சு சீரானதும் மறுபடி வேகமாக என்று மனம்போல மாற்றி ஓடும் இந்த முறைக்கு ஃபார்ட்லெக் என்று பெயர். ஸ்வீடன் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மெர் 1930களில் இதை வகுத்தார். சலிப்புக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஸ்மார்ட் வாட்சை அன்று வீட்டிலேயே வைத்துவிடலாம்.

காத்திருக்கும் ஆள் ஒருவர் இருந்தால், அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் படுப்பது கடினம். 2004 அக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய, கட்டணமில்லாத சனிக்கிழமை 5 கிலோமீட்டர் ஓட்டம், இன்று பார்க்ரன் என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. அங்கே நடந்து முடிப்பவர்களுக்கும் இடமுண்டு. அண்டை வீட்டார் இருவர் சேர்ந்தாலே தெருவில் இத்தகைய குழுவைத் தொடங்கிவிடலாம். கொஞ்சம் பழகியபின் ஊரில் நடக்கும் 5 அல்லது 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தால் பயிற்சிக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டுவிடும். முதல் முறை நேரத்தைப் பார்க்காமல், முடிப்பதை மட்டும் இலக்காகக் கொள்வது நல்லது.

ஓரிரு வாரம் விட்டுப்போனால், விட்ட தூரத்தைச் சேர்த்து ஓடி ஈடுகட்டக் கூடாது. சற்றுக் குறைத்துத் தொடங்க வேண்டும். தசைகளில் பரவலான வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். எலும்பிலோ மூட்டிலோ ஒரே இடத்தில் குத்தும் வலி நீடித்தால் ஓய்வும் மருத்துவ ஆலோசனையும் தேவை. இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஓடத் தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். ஓடும்போது நெஞ்சில் வலியோ மயக்கமோ வந்தால் எவரும் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.