கரும்புள்ளிகளும் குடிநீரும்

1983-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமத்தினர் சிலரது உடலில் காணப்பட்ட கரும்புள்ளிகளுக்கும் உள்ளங்கைத் தடிப்புக்கும் குழாய்க் கிணற்று நீரிலிருந்த ஆர்சனிக் நஞ்சே காரணம் எனக் கண்டறிந்தார். கிருமி கலந்த குளத்து நீரைத் தவிர்க்கவே மக்கள் அக்கிணறுகளை நாடினர் என்பது வருந்தத்தக்க முரண்.

இந்நஞ்சுக்கு நிறமோ மணமோ இல்லை. ஆண்டுக்கணக்கில் பருகிய பின்னரே தோல் கறுக்கிறது. நீரைக் காய்ச்சினாலும் அது நீங்காது; நீர் சுண்டச் சுண்டச் செறிவே கூடும். இது தொற்றுநோயன்று, எனினும் நோயுற்ற பெண்களைப் பிறர் ஒதுக்கியதுண்டு. களிம்பு பூசிக்கொண்டே அந்நீரைப் பருகிவரின் பின்னாளில் புற்றுநோயும் நேரலாம்.

லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்சனிக் உள்ள நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தலாகாது. கிணற்றுக்குக் கிணறு அளவு மாறுவதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் இன்றியமையாதது. அடுத்த வீட்டுக் குழாயிலேயே நல்ல நீர் கிடைக்கக்கூடும்.