வரிக்குத் தப்பினவர்கள்

வேதபகுதி: மத்தேயு 6:19-21, 17:24-27



1971-ம் வருஷம் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்கிற உலகப் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவினர் தங்கள் சொந்த தேசமான இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினார்கள். பஞ்சமா? யுத்தமா? இல்லை. வரிப்பாக்கி கழுத்துமட்டும் ஏறிவிட்டது. பிரான்சின் தென்கடற்கரைக்குப் போனார்கள். கிட்டார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸ் அங்கே நெல்கோட் என்ற மாளிகையை வாடகைக்கு எடுத்தார். அதே வருஷம் அந்த மாளிகையில் திருடர் புகுந்து கிட்டார்களை அள்ளிக்கொண்டு போனார்கள்! வரிக்குத் தப்பினவர் திருடனுக்குத் தப்பவில்லை.

இதில் நமக்கு மூன்று பாடங்கள்:

1. ஆபிரகாமும் தேசத்தை விட்டான்; தேவன் அழைத்தார், போனான். லோத்து செழிப்பைக் கண்டு சோதோம் பக்கம் போனான் (ஆதி. 12, 13). நம்மைக் கூப்பிடுவது எது?

2. ஆண்டவர் தேவகுமாரன், ஆலயவரி கட்ட வேண்டியதே இல்லை. ஆனாலும் மற்றவர்களுக்கு இடறலாகக்கூடாதென்று, மீனின் வாயிலிருந்த வெள்ளிப்பணத்தால் பேதுருவுக்கும் சேர்த்துக் கட்டினார்.

3. "அவங்க உலகத்தார்தானே" என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களாவது எல்லாரும் பார்க்க வெளியே போனார்கள். நாமோ ஊரிலேயே இருந்துகொண்டு, கடையில் இரண்டு கணக்கு நோட்டு வைத்திருக்கிறோமே! அதிலிருந்து தசமபாகமும் கொடுக்கிறோமே! ரோமர் 13:7-ஐ முழங்காலில் நின்று வாசித்துப் பாருங்க.

இன்றைக்கே அந்த இரண்டாவது நோட்டைக் கர்த்தருடைய பாதத்தில் வையுங்கள். எழுப்புதல் அங்கேதான் ஆரம்பிக்கும். அல்லேலூயா!