கறுப்புப் பூசுவதற்கு முன்

மக்ளே, நேற்று கரமனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உன் முதல் சீரியலின் கதைச் சுருக்கத்தை, அந்த ஒன்லைனை, வாசித்துக் காட்டினாய். கறுத்த பெண், வெளுத்த மாப்பிள்ளை, முகம் சுளிக்கும் மாமியார். நாகர்கோவிலில் பஸ் ஏறி இந்தத் திருவனந்தபுரத்துக்கு வந்து முப்பது வருஷமாக மெகா சீரியல் எழுதிய கிழவன் கை தட்டுவான் என்று நினைத்திருப்பாய். நான் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்துவிட்டேன். அப்போது வாயில் வராததை இப்போது எழுதுகிறேன்.

1. முதலில் காபிடல் கொட்டகையின் கதையைத் தெரிந்துகொள். மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்' இந்த ஊரில் அங்கேதான் திரையிடப்பட்டது. எடுத்தவர், நாயகனாக நடித்தவர் இரண்டும் நம் அகஸ்தீஸ்வரத்து ஜே.சி. டேனியல். நாயகி பி.கே. ரோஸி தலித் பெண். போட்ட வேடமோ நாயர் வீட்டுப் பெண். அவர் கூந்தல் பூவை நாயகன் முத்தமிடும் காட்சியில் கொட்டகைக்குள் கல் பறந்ததாகச் சொல்வார்கள். ரோஸி ஊரைவிட்டே ஓட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, ஒரு லாரி ஓட்டுநரைக் கல்யாணம் செய்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து மறைந்தார். இந்த வெறுப்பின் காரணத்தை வேறு தேசத்தில் இனம் என்பார்கள். இங்கே அதற்குச் சாதி என்றும் நிறம் என்றும் இரண்டு பெயர். நீ தொடப்போவது அந்தப் பூவை. கை கொஞ்சம் நடுங்கினால் நல்லது.

2. நிறத்தை மேக்கப் பெட்டியில் தேடாதே. ஒரு சேனலுக்கு நான் எழுதிய தொடரில் வெளுத்த பெண்ணைப் பிடித்துக் கறுப்புப் பூசினோம். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் முடிய ஒன்பதாகும். உச்சிவேளை வியர்வையில் கழுத்தோரம் கரைந்து சேலைத் தலைப்பில் இறங்கும். ஒருநாள் ஷாட்டுக்கு நேரமாகிவிட்டது. டீ கொண்டு வந்த பெண் நாயகியின் முழங்கையைக் காட்டி, "சாரே, இங்கே விட்டுப்போச்சு" என்றாள். அவள் கை, நாங்கள் டப்பாவில் கலந்துகொண்டிருந்த அதே நிறம். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அவளை ஒரு சீனிலாவது நிறுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அன்று நான் எழுதிய வசனம் ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்த முழங்கை மட்டும் நிற்கிறது.

3. தொடங்கிய இடத்தை மறந்துவிடாதே. 2014-இல் ஏஷியாநெட்டில் 'கறுத்தமுத்து' வந்தபோது இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் ஓடும். கறுத்த கார்த்திகா, வெளுத்த டாக்டர் பாலச்சந்திரன். தெலுங்கில் அது 'கார்த்திக தீபம்' ஆனது, விஜய் டிவியில் 'பாரதி கண்ணம்மா' ஆனது. நிறத்தில் ஆரம்பித்த கதை எங்கே போய் நின்றது? பெண்டாட்டியின் நடத்தை மேல் சந்தேகத்திலும் டிஎன்ஏ டெஸ்டிலும். தமிழில் நாயகி கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையை ஊரே கேலி செய்தது. நான் செய்ய மாட்டேன். தினம் ஒரு எபிசோட் கொடுப்பவனுக்குத்தான் தெரியும், நிறம் சீக்கிரம் தீர்ந்துபோகும் சரக்கு, சந்தேகம் தீராத சரக்கு. ஆனாலும் நீ அந்தக் கடைக்குப் போகாதே.

4. இடைஞ்சலான காதலனைக் கொன்று கதையைக் காப்பாற்றாதே. ஒரு தொடரில் சாதி மாறிக் காதலித்த பையனை நான் பைக் விபத்தில் முடித்தேன். சேனலில் யாரும் கேட்கவில்லை. கேட்பார்களோ என்று நானே பயந்து செய்த காரியம். இங்கிலாந்திலும் நமக்கு முன்னோடி உண்டு. 1964-இல் 'எமர்ஜென்சி வார்டு 10' தொடரில் கறுப்பின டாக்டரம்மாவும் வெள்ளைக்கார டாக்டரும் முத்தமிட்டார்கள். பிறகு டாக்டரம்மாவை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி, பாம்பு கடித்துச் சாகவைத்தார்கள். என் பைக்குக்கும் அந்தப் பாம்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

5. டிஆர்பி வரும் வியாழக்கிழமை வயிறு கலங்கும். கலங்கட்டும். 2021-இல் கேரள அரசின் தொலைக்காட்சி விருதுக் குழு, தகுதியானது எதுவும் இல்லை என்று சிறந்த தொடருக்கான விருதையே நிறுத்திவைத்தது. அந்த வாரமும் எங்கள் ரேட்டிங் நன்றாகத்தான் இருந்தது.

6. அழுகிற பெண்ணைவிட யோசிக்கிற பெண்ணை எழுது. 2025 மார்ச்சில், அப்போது கேரளத்தின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் முகநூலில் எழுதியதை எடுத்து வாசி. அவருக்கு முன் அதே நாற்காலியில் இருந்தவர் அவர் கணவர் வி. வேணு. கணவரின் நிர்வாகம் எவ்வளவு வெளுப்போ மனைவியின் நிர்வாகம் அவ்வளவு கறுப்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாலு வயதில், தன்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத் தருவாயா என்று அம்மாவிடம் கேட்டதையும் அவர் எழுதினார். கறுப்பின் அழகைத் தனக்குக் காட்டியது தன் பிள்ளைகள் என்றும் எழுதினார். மாமியாரும் இல்லை, கிளிசரினும் இல்லை. இப்படி ஒரு சீனை என் முப்பது வருஷத்தில் நான் எழுதியதில்லை, மக்ளே.

7. உன் ஒன்லைனில் ஐந்தாம் எபிசோடில் ஒன்று வருகிறதே, ராத்திரி சாப்பாட்டில் மாப்பிள்ளை சாளை மீனின் முள்ளை எடுத்துவிட்டு அவள் தட்டில் வைக்கிறான், அவள் ஆபீஸ் கணக்கைப் பற்றி எரிச்சலாக ஏதோ சொல்லிக்கொண்டே தின்கிறாள் என்று. அங்கே மாமியாரை எட்டிப் பார்க்க வைத்திருக்கிறாய். மாமியாரைத் தூங்கப் போகச் சொல். பின்னணி இசையும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அதை மட்டும் திருத்தி எழுதிக்கொண்டு வா. காப்பி போட்டு வைக்கிறேன்.