தெளிந்த நீரும் தேர்ந்த நீரும்

புதிதாக வாங்கிய மீன்தொட்டியில் குழாய்நீரை நிரப்பி, அன்று மாலையே மீன்களை விட்டுவிடுவது பலரின் வழக்கம். நீர் தெளிவாகத்தான் இருக்கும். மீன்களும் இரண்டு மூன்று நாள்கள் துள்ளித் திரியும். பிறகு அவை ஒவ்வொன்றாக மேற்பரப்புக்கு வந்து, மூச்சுக்குத் தவித்து வாயைத் திறந்து மூடும். சில நாள்களில் தொட்டி வெறுமையாகிவிடும். கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என்று குறைகூறுவோம். பெரும்பாலும் குறை நீரில்தான் இருக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்நீரில் பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படுகிறது. கிருமிகளை அழிக்க அதில் குளோரின் சேர்க்கிறார்கள். நமக்குப் பாதுகாப்பளிக்கும் அதே குளோரின், மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். வாயகன்ற வாளியில் நீரை ஒருநாள் முழுக்கத் திறந்து வைத்தால், குளோரின் பெரும்பாலும் காற்றில் கலந்துவிடும். கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியையும் அளவறிந்து பயன்படுத்தலாம்.

அதைவிடக் கொடிய நஞ்சு தொட்டிக்குள்ளேயே உருவாகிறது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவைத் தோற்றுவிக்கின்றன. அதற்கு நிறமில்லை, ஆகவே, நீரைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆறு, குளங்களில் ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்குகிறது. இத்தகைய பாக்டீரியாக்களை 1890ஆம் ஆண்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டியவர் ருஷ்ய அறிவியலாளர் செர்கே வினோகிராட்ஸ்கி.

புதிய தொட்டியில் இவை போதிய அளவில் இல்லை. வடிகட்டிப் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் இவை குடியேற ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடாமல், வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட வேண்டும். நீர்ச் சோதனையில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் 0 எனக் காட்டிய பின்னரே இரண்டு மூன்று மீன்களை விடலாம். நலமான பழைய தொட்டியின் பஞ்சு கிடைத்தால் காத்திருப்புக் காலம் குறையும். நம் நாட்டு வெப்பத்தில் கூடுதல் கவனம் தேவை. நீர் சூடாக இருந்தால் அதில் கரையும் உயிர்வளி குறைகிறது. அமோனியாவின் நச்சுத்தன்மையோ கூடுகிறது.

‘ஈக்கான் பண்டாராயா’ மீனை விட்டால் தொட்டி தானே சுத்தமாகிவிடும் என்று நம்புவோர் உண்டு. மாநகர் மன்றத்தின் பெயரைச் சுமந்தாலும், அது பாசியைச் சுரண்டித் தின்னுமே தவிர, அமோனியாவை நீக்காது. தன் கழிவையும் சேர்த்துவிடும். ஓரடிக்கும் மேல் வளர்ந்தபின், அதை ஆற்றில் விடுவது பெருந்தவறு. கிள்ளான் பள்ளத்தாக்கு ஆறுகளில் இந்த அயல்மீன் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது.

வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றினால் போதும். பஞ்சைக் குழாய்நீரில் அலசினால் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

2020 செப்டம்பரில் ரவாங் அருகே ஆறு மாசுபட்டு, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. ஒரு மில்லியனுக்கும் அதிகமான பயனீட்டாளர் கணக்குகளுக்கு நீர் தடைபட்டது. அத்தகைய நாள்களில் தீனியைக் குறைத்துவிட வேண்டும். வளர்ந்த மீன்கள் சில நாள்கள் பசி தாங்கும். தடை நீங்கியதும் குழாயில் முதலில் வரும் கலங்கல் நீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. அதைக் கழுவும் வேலைகளுக்கு ஒதுக்கிவிட்டு, தெளிந்து வரும் நீரை வாளியில் பிடித்து மறுநாள்வரை வைத்திருக்க வேண்டும்.