மண்ணில் விழுந்த மோதிரமும் மெட்டல் டிடெக்டரும்

வத்திராயிருப்பு வயல்களில் நாற்று நடும்போதோ தென்னந்தோப்பில் பாத்தி கட்டும்போதோ நழுவி விழுந்த மோதிரத்தைத் தேட மெட்டல் டிடெக்டர் வாங்க எண்ணுகிறவர்கள், பழையதா புதியதா என்று விசாரிக்குமுன், தேடப்போகும் மண்ணைப் பரிசீலிப்பது உத்தமம். செம்மண்ணில் கலந்த இரும்பு ஆக்ஸைடும், உவர்நிலத்து ஈரத்திலுள்ள உப்பும், தாமே உலோகம்போல் சமிக்ஞை எழுப்பிக் கருவியை ஏமாற்றும் சுபாவமுடையவை.

ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் பழைய கருவி, மண்ணுக்கேற்பத் திருத்திக்கொள்ளும் குமிழ் அதில் இருக்குமாயின், வறண்ட சாதாரண நிலத்துக்குத் தாராளமாகப் போதும்; குமிழில்லாததை இனாமாகத் தந்தாலும் செம்மண்ணுக்குக் கொள்ள வேண்டாம். பல அதிர்வெண்களை ஒருங்கே செலுத்தும் புதியவை ஈரமான உவர் மண்ணில் மேலானவை. பல்ஸ் இண்டக்‌ஷன் என்னும் துடிப்பு முறைக் கருவியோ இரும்புச்சத்து மிகுந்த மண்ணையும் பெரிதும் பொருட்படுத்தாதெனினும், ஆணிக்கும் பொன்னுக்கும் பேதம் காண்பதில் பலவீனமானது.

கடைக்காரர் மேஜைமேல் காட்டும் பரீட்சையை நம்பாமல், ஒத்த எடையுள்ள மோதிரமொன்றை நூலில் கட்டி, உங்கள் வயலிலேயே ஒரு சாண் ஆழத்தில் புதைத்துச் சோதியுங்கள். அப்போது பம்ப்செட் நிற்கட்டும், கைபேசி தூர இருக்கட்டும், மண்வெட்டியும் அருகில் வேண்டாம். தேடுகையில் பழம்பொற்காசு அகப்பட்டாலோ, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும்.